ஜன்னல் வெளிச்சம் யாருக்குச் சொந்தம்? பக்கத்து மனையில் கட்டடம் எழும்பும்போது சட்டம் என்ன சொல்கிறது

பக்கத்து மனை 25 வருடமாகக் காலியாகக் கிடந்தது. ஒரு நாள் காலையில் பூஜை போட்டு வானம் தோண்டுகிறார்கள். ஆறேழு மாதத்தில் இரண்டு மாடி எழும்பிவிடுகிறது. இந்தப் பக்கம் சமையலறை ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் பூசாத செங்கல் சுவர். பகல் 11 மணிக்கும் விளக்கைப் போட்டால்தான் முறத்திலிருக்கும் அரிசியில் கல் தெரிகிறது.

"என் இடத்தில் நான் கட்டுகிறேன், உங்களுக்கு என்ன?" என்கிறார் கட்டுபவர். "இத்தனை வருஷமா வந்த வெளிச்சத்தை அடைக்க உங்களுக்கு ஏது உரிமை?" என்கிறார் பழைய வீட்டுக்காரர். இரண்டு பேர் சொல்வதிலும் பாதிப் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதி என்ன என்பது 1882ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் இருக்கிறது.

இந்தக் கேள்வி இப்போது அதிகம் எழுவதற்கு இரண்டு காரணங்கள். 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுய சான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. பக்கத்தில் என்ன வரப்போகிறது என்பது ஜல்லியும் மணலும் வந்து இறங்கும்போதுதான் பலருக்குத் தெரிகிறது. அதே ஆண்டு பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் வரை மானியம் கிடைப்பதால் மொட்டை மாடியில் சோலார் பேனல் போடுகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். ஜன்னலுக்காக இருந்த வழக்கு மாடிக்கும் ஏறியிருக்கிறது.

மேலிருந்து வருவது, பக்கத்திலிருந்து வருவது

சட்டத்தின் பார்வையில் வெளிச்சம் இரண்டு வகை. இந்தப் பிரிப்பு புரிந்தால் மற்றதெல்லாம் எளிது.

உங்கள் மனைக்கு நேர் மேலே இருக்கும் வானத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் வெளிச்சமும் காற்றும் உங்களுக்கு இயல்பாகவே உரியவை. மேலே சொன்ன 1882ஆம் ஆண்டுச் சட்டமான இந்திய வசதியுரிமைகள் சட்டத்தின் 7ஆம் பிரிவு இதை உதாரணமாகவே எழுதி வைத்திருக்கிறது. இதற்கு வருடக் கணக்கு கிடையாது. இன்று பத்திரம் முடித்தால் இன்றே உண்டு. பக்கத்து வீட்டு சன்ஷேடோ பால்கனியோ உங்கள் எல்லைக்குள் நீட்டிக்கொண்டிருந்தால், அது உங்கள் இடத்துக்குள் அத்துமீறல். அதைக் கேட்க 20 வருடம் காத்திருக்க வேண்டியதில்லை.

பக்கவாட்டில் வரும் வெளிச்சம் அப்படி இல்லை. அது பக்கத்து மனையின் மேலாகக் கடந்து உங்கள் ஜன்னலுக்கு வருகிறது. அந்த மனைக்காரருக்குத் தன் இடத்தில் கட்டிக்கொள்ளும் உரிமை உண்டு என்று அதே 7ஆம் பிரிவு சொல்கிறது. உள்ளாட்சி விதிகளுக்கு மட்டும் அது கட்டுப்பட்டது. ஆகவே அந்த வெளிச்சம் ஆரம்பத்தில் உங்களுக்குச் சொந்தமில்லை. அவர் கட்டாமல் இருக்கிற வரைக்கும் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

நம் பழைய முற்றம் வைத்த வீடுகளை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். தஞ்சாவூர்ப் பக்கத்து அக்ரகாரத்திலோ பழைய திருவல்லிக்கேணித் தெருவிலோ வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும். நடுவில் பொதுச்சுவர்தான், பக்கத்துச் சுவரில் ஜன்னல் வைக்க வழியே இல்லை. வெளிச்சம் முழுக்க முற்றத்தின் வழியே, சொந்த வானத்திலிருந்து இறங்கும். பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு உயர்த்தினாலும் நேர் மேலே இருப்பதை அவரால் அடைக்க முடியாது. பின்னால் முற்றத்தின் மேல் கான்கிரீட் போட்டு மூடினோம், பக்கச் சுவரில் ஜன்னல் வைத்தோம். அன்றிலிருந்து நம் வெளிச்சம் அடுத்தவர் மனையைச் சார்ந்ததாகிவிட்டது. இன்றைய வழக்குகளில் பாதிக்கு மூலம் இந்த மாற்றம்தான் என்பது என் எண்ணம்.

ஈஸ்மென்ட் என்ற சொல்

கிரயப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில், நான்கெல்லை விவரத்துக்கு அப்புறம், "சகலவிதமான ஈஸ்மென்ட் பாத்தியங்கள் உள்பட" என்று ஒரு வரி வரும். பெரும்பாலானோர் படிக்காமல் தாண்டிப்போகும் வரி அது. ஒரு சொத்தை நன்றாக அனுபவிப்பதற்காக, அதன் உரிமையாளருக்கு அடுத்தவர் சொத்தின் மேல் இருக்கும் வரம்புக்குட்பட்ட உரிமைதான் ஈஸ்மென்ட். தமிழில் வசதியுரிமை என்கிறார்கள். நடைபாதை, வாய்க்கால் தண்ணீர், கூரைத் தண்ணீர் விழுவது, ஜன்னல் வெளிச்சம் எல்லாம் இதற்குள் வரும்.

இதற்கான சட்டம் 1882 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அது முதலில் அமலான பகுதிகளில் சென்னை மாகாணமும் ஒன்று. எனவே நம் ஊர்களில் இந்த உரிமைக்கு 140 வருடத்துக்கு மேல் வரலாறு உண்டு.

வசதியுரிமை ஆளைச் சேர்ந்ததல்ல, சொத்தைச் சேர்ந்தது. வீட்டை விற்றால் வாங்குபவருக்குப் போகும். பக்கத்து மனை கைமாறினாலும் அதன் மேல் இருக்கும் சுமை போகாது.

20 ஆண்டுக் கணக்கு

நீண்ட கால அனுபவத்தால் இந்த உரிமை எப்படி உண்டாகிறது என்பதை 15ஆம் பிரிவு சொல்கிறது. அதை உடைத்துப் பார்த்தால்:

1. வெளிச்சம் ஒரு கட்டடத்துக்கு வந்திருக்க வேண்டும். திறந்த வெளி நிலத்துக்கு இந்த வழியில் உரிமை கிடைக்காது. 17ஆம் பிரிவு அதை வெளிப்படையாக விலக்குகிறது. தோட்டத்துக்கு வெயில் வரவில்லை என்று வழக்குப் போட முடியாது.

2. 20 ஆண்டுகள் சண்டை சச்சரவில்லாமல், தடையில்லாமல், வசதியுரிமையாகவே அனுபவித்திருக்க வேண்டும். பக்கத்து நிலம் அரசுடையது என்றால் 30 ஆண்டுகள்.

3. அனுமதி வாங்கி அனுபவித்த காலம் கணக்கில் சேராது. "நீங்கள் எப்போது கட்டினாலும் ஜன்னலை அடைத்துக்கொள்கிறோம்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் 40 வருடம் ஆனாலும் உரிமை பிறக்காது.

4. வீட்டில் நீங்களே குடியிருக்க வேண்டியதில்லை. வாடகைக்கு இருந்தவர் அனுபவித்த காலமும் உரிமையாளர் கணக்கில் சேரும்.

5. அந்த 20 ஆண்டுக் காலம், வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய 2 ஆண்டுகளுக்குள் முடிந்திருக்க வேண்டும்.

கடைசி நிபந்தனையில்தான் பலர் தோற்கிறார்கள். ஜன்னல் 1995இல் வைத்தது. பக்கத்துச் சுவர் 2021இல் எழும்பியது. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்து 2025இல் வழக்குப் போடுகிறார். 26 வருடம் வெளிச்சம் வந்திருந்தும் பயனில்லை, ஏனென்றால் அந்த அனுபவம் வழக்குக்கு 4 வருடம் முன்பே முடிந்துவிட்டது. 1995லிருந்து வெளிச்சம் வந்ததைச் சொல்லச் சாட்சிகள் எத்தனை பேர் வந்தாலும் அந்த 4 வருடத்தை ஈடுகட்ட முடியாது.

அடுத்தது "தடை" என்ற சொல். பக்கத்துக்காரர் ஒரு நாள் ஜன்னலை மறைத்துவிட்டால் உடனே அது தடையாகிவிடாது. மறைத்தது உங்களுக்குத் தெரிந்த பிறகு ஓராண்டு வரை நீங்கள் அதை ஏற்றுக்கொண்டு சும்மா இருந்தால்தான் சட்டப்படி அது தடை. அதனால் சுவர் எழும்பத் தொடங்கியதுமே வழக்கறிஞர் நோட்டீஸோ, குறைந்தது பதிவுத் தபாலில் ஒரு ஆட்சேபக் கடிதமோ அனுப்பி அதன் நகலை வைத்துக்கொள்வது அவசியம். வாய்ச்சண்டை ஆட்சேபம்தான் என்றாலும், அதைப் பின்னால் நிரூபிப்பது கஷ்டம்.

காலி மனைக்காரர் சிலர் எல்லையில் உயரமாகத் தகர ஷீட் அடித்துப் பக்கத்து வீட்டு ஜன்னலை மறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தெருவில் அதைப் பொறாமை, பகை என்று பேசுவார்கள். பல நேரம் அது இந்த 20 வருடக் கணக்கை முறிப்பதற்கான வேலை. இங்கிலாந்தில் 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி, சுவர் எழுப்பாமலே ஒரு அறிவிப்பைப் பதிவுசெய்து இந்தக் கணக்கை நிறுத்தலாம். நம்மிடம் அந்த ஏற்பாடு இல்லாததால் நிஜமான தகரம் தேவைப்படுகிறது. இருவருக்கும் மனக்கசப்பு இல்லாமல் முடிய, அப்படி ஒரு பதிவு முறை நமக்கும் வேண்டும்.

பாகப்பிரிவினையில் 20 ஆண்டு வேண்டாம்

வெளிச்ச உரிமைக்கு 20 வருடம் கட்டாயம் என்று பலர் நினைக்கிறார்கள். குடும்பச் சொத்து விஷயத்தில் அது தவறு. இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர் என்பவர் பல நேரம் கூடப் பிறந்தவர்தான்.

அப்பா பெயரில் ஒரு வீடும் அதை ஒட்டித் தோட்ட மனையும் இருக்கின்றன. வீட்டின் கூடத்து ஜன்னல்கள் இரண்டும் தோட்டத்தைப் பார்த்தவை. அப்பா இறந்த பிறகு பாகப்பிரிவினையில் அண்ணனுக்கு வீடு, தம்பிக்குத் தோட்டம். அடுத்த வருடமே தம்பி தோட்டத்தில் எல்லையை ஒட்டி வீடு கட்டத் தொடங்குகிறார். அண்ணன் 20 வருடக் கணக்கில் போனால் தோற்பார். பிரிவினைக்கு முன் இரண்டும் ஒரே சொத்து. தன் சொத்தின் மேல் தனக்கே வசதியுரிமை இருக்க முடியாது. கணக்கே பிரிவினை நாளிலிருந்துதான் தொடங்கும்.

ஆனால் 13ஆம் பிரிவு அவருக்கு வேறு வழி தருகிறது. பொதுச் சொத்து பிரிக்கப்படும்போது, ஒரு பாகத்தை அதுவரை அனுபவித்தபடி அனுபவிக்க இன்னொரு பாகத்தின் மேல் ஒரு வசதி தேவைப்பட்டு, அது கண்ணுக்குத் தெரிவதாகவும் தொடர்ச்சியானதாகவும் இருந்தால், அந்த வசதியுரிமை பிரிவினையோடு சேர்ந்தே வந்துவிடும். ஜன்னல் வெளிச்சம் தொடர்ச்சியான வசதி. மனிதர் எதுவும் செய்யாமல் தானாக வருவது. அதைச் சட்டத்தின் 5ஆம் பிரிவே உதாரணமாகக் காட்டுகிறது. ஜன்னல் சுவரில் இருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆகவே அண்ணனுக்கு முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு.

ஒரே ஒரு விலக்கு. பத்திரத்தில் வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தாலோ, வேறு எண்ணம் இருந்தது என்பது அதிலிருந்து தெரிந்தாலோ இந்த உரிமை வராது. "தோட்டப் பாகத்தை அடைந்தவர் தன் இஷ்டம்போல் எல்லை வரை கட்டிக்கொள்ளலாம், வீட்டுப் பாகத்தார் ஆட்சேபிக்கக் கூடாது" என்ற வரி இருந்தால் ஜன்னல் போயிற்று. பத்திரம் எழுதுபவர் பழைய மாதிரியைப் பார்த்து இப்படி ஒரு வரி சேர்த்துவிடக் கூடும். கையெழுத்துப் போடுமுன் இதைத் தேடிப் படிக்க வேண்டும். ஒருவரே வீட்டை வைத்துக்கொண்டு தோட்டத்தை விற்கும்போதும், வீட்டை விற்றுத் தோட்டத்தை வைத்துக்கொள்ளும்போதும் இதே 13ஆம் பிரிவுதான்.

எவ்வளவு வெளிச்சம் குறைந்தால் வழக்கு நிற்கும்?

உரிமை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பு வந்த வெளிச்சத்தில் ஒரு துளியும் குறையக் கூடாது என்று கேட்க முடியுமா? முடியாது. அன்று இங்கிலாந்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை 1904இல் ஒரு வழக்கில் தெளிவாக்கியது: முன்பைவிடக் குறைந்துவிட்டது என்பது போதாது, சாதாரண மனிதர்கள் வசதியாக வாழவோ தொழில் செய்யவோ தேவையான அளவுக்கும் கீழே போயிருக்க வேண்டும். கல்கத்தாவிலிருந்து மேல்முறையீட்டுக்குப் போன ஒரு வழக்கில் 1914இல் பிரிவி கவுன்சில் (அன்று இந்திய வழக்குகளுக்கு லண்டனில் இருந்த கடைசி மேல்முறையீட்டு மன்றம்) இதே அளவுகோலை இந்தியாவுக்கும் பொருத்தியது.

நம் சட்டத்தின் 33ஆம் பிரிவும் இதே திசையில்தான் போகிறது. கணிசமான பாதிப்பு இருந்தால்தான் வழக்கு. வெளிச்சத்தைப் பொறுத்தவரை பாதிப்பு மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும்: சொத்தின் மதிப்பு குறிப்பிடத்தக்க அளவு குறைவது, குடியிருப்பவரின் உடல் வசதி பாதிக்கப்படுவது, அல்லது அங்கே வழக்கமாகச் செய்துவந்த தொழிலை முன்போல் செய்ய முடியாமல் போவது. தையல் கடைக்காரரின் ஒரே ஜன்னல் அடைபடுவதும், நான்கு ஜன்னல் உள்ள கூடத்தில் ஒன்று மங்குவதும் ஒன்றல்ல.

புதிதாகக் கூட்டிய பகுதிக்குப் பழைய உரிமை ஒட்டாது. 1990இல் கட்டிய தரைத்தளத்துக்கு உரிமை இருக்கலாம். 2015இல் எழுப்பிய மாடி ஜன்னலுக்குக் கணக்கு 2015இலிருந்துதான். பழைய வீட்டை இடித்துவிட்டு அதே இடத்தில் 20 ஆண்டுகளுக்குள் திரும்பக் கட்டினால் உரிமை உயிர்பெறும். ஆனால் பக்கத்து மனைக்கு முன்பைவிடக் கூடுதல் சுமை வராத மாதிரி கட்டியிருக்க வேண்டும். இடிப்பதற்கு முன் ஒவ்வொரு ஜன்னலையும் அளந்து, போட்டோ எடுத்து, வரைபடத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

காட்சிக்கு உரிமை இல்லை. ஜன்னல் வழியே கடல் தெரிந்தது, மலை தெரிந்தது, இப்போது மறைந்துவிட்டது என்றால் சட்டம் உதவாது. 1610ஆம் ஆண்டு ஆங்கிலேய வழக்கு ஒன்றிலிருந்தே நீதிமன்றங்கள் வெளிச்சத்தைத் தேவையாகவும் காட்சியை இன்பமாகவும் பிரித்தே பார்க்கின்றன.

கோர்ட்டில் என்ன கேட்கலாம்

சுவர் இன்னும் எழும்பவில்லை, ஆனால் அஸ்திவாரமும் வரைபடமும் அதைக் காட்டுகின்றன என்றால் 35ஆம் பிரிவின் கீழ் உறுத்துக் கட்டளை, அதாவது கட்டுவதைத் தடுக்கும் கோர்ட் உத்தரவு, கேட்கலாம். கட்டினால் வெளிச்சம் நிச்சயம் மறையும் என்று காட்ட வேண்டும். வழக்கோடு சேர்த்து, கோர்ட் சார்பில் இடத்தைப் பார்வையிடும் வழக்கறிஞர் ஆணையரை நியமிக்க மனுப் போடுவது வழக்கம். அவர் வந்து ஜன்னலின் அளவு, சுவருக்கும் ஜன்னலுக்கும் இடைவெளி, அறைக்குள் வெளிச்ச நிலை எல்லாவற்றையும் குறித்து அறிக்கை தருவார். கட்டட வேலை பாதியில் இருக்கும்போது வரும் அறிக்கைக்கு மதிப்பு அதிகம்.

ஜன்னலின் வயதை நிரூபிக்கப் பழைய அனுமதி வரைபடம், சொத்து வரி ரசீது, வீட்டுக்கடனுக்கு வங்கி எடுத்த மதிப்பீட்டு அறிக்கை ஆகியவை உதவும். இவை இல்லாத வீட்டில் பழைய கல்யாண ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். கூடத்தில் நலங்கு வைக்கும் படத்தில் பின்னால் அந்த ஜன்னல் திறந்திருந்தால், கல்யாணத் தேதியோடு சேர்ந்து அது நல்ல சாட்சி.

கட்டி முடித்தபின் போனால் இடிக்கச் சொல்லும் உத்தரவு கிடைப்பது அரிது. பணமாக நஷ்டஈடு போதும் என்று கோர்ட் நினைக்க வாய்ப்பு அதிகம். எக்காரணம் கொண்டும் நீங்களே போய்ச் சுவரை உடைக்கக் கூடாது. உரிமை முழுதாக இருந்தாலும் தானே அகற்றும் அதிகாரம் இல்லை என்று 36ஆம் பிரிவு சொல்கிறது.

பக்க இடைவெளி விடாமல் கட்டினால்

இது வேறு பாதை. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019, கட்டடத்தின் உயரத்தையும் வகையையும் பொறுத்து எல்லையிலிருந்து எவ்வளவு இடம் விட வேண்டும் என்று வகுத்திருக்கிறது. அதை மீறினால் உள்ளாட்சியிடமோ திட்ட அதிகாரிகளிடமோ புகார் கொடுக்கலாம். 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57ஆம் பிரிவுகளின்படி நடவடிக்கை கேட்கலாம். உங்கள் ஜன்னலுக்கு 20 வயதாக வேண்டிய அவசியம் இதற்கு இல்லை. நேற்றுக் குடிவந்தவரும் கேட்கலாம்.

மறுபக்கம், அனுமதி வாங்கி விதிப்படி இடம் விட்டுக் கட்டினாலும் உங்கள் வசதியுரிமை அதனால் அழியாது. அனுமதி என்பது அரசுக்கும் கட்டுபவருக்கும் இடையிலானது. "அப்ரூவல் இருக்கு" என்பது வெளிச்ச வழக்குக்குப் பதிலாகாது.

சோலார் பேனலுக்கு வெயில்

சென்னையில் டிசம்பர் கடைசியில் உச்சிவேளையிலும் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். தெற்குப் பக்கத்து வீடு உங்கள் மாடியைவிட 10 அடி உயர்ந்தால் நடுப்பகலில் 7 அடிக்கு நிழல் விழும். காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம். ஒரு பேனலின் மூலையில் விழும் நிழலே அதோடு தொடராக இணைத்த பேனல்களின் உற்பத்தியையும் குறைக்கக் கூடும்.

இதற்கு 1882 சட்டத்தில் பிடி தேடினால் கிடைப்பது குறைவு. அது பேசுவது ஜன்னல், கதவு போன்ற திறப்புகளை. பேனல் திறப்பல்ல. அப்படியே ஏற்றாலும் 20 வருடம் வேண்டும்; பேனலின் ஆயுளே ஏறத்தாழ 25 வருடம். அமெரிக்காவில் பக்கவாட்டு வெளிச்சத்துக்குப் பொதுவாக உரிமையே இல்லை. 1959இல் மயாமி பீச்சில் ஃபவுண்டன்ப்ளூ ஹோட்டல் எழுப்பிய 14 மாடிகளின் நிழல் பக்கத்து ஈடன் ராக் ஹோட்டலின் நீச்சல் குளத்தில் விழுந்தபோதும் கோர்ட் தடுக்கவில்லை. ஆனால் சோலார் வந்ததும் அங்கேயும் நிலை மாறியது. நியூ மெக்சிகோ 1977இல் சூரிய உரிமைச் சட்டம் கொண்டுவந்தது. 1982இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம், சூரிய வெப்ப வீட்டை மறைப்பது தொந்தரவு என்ற அடிப்படையில் வழக்குப் போட இடம் தந்தது. மானியம் கொடுத்துப் பேனல் போடச் சொல்லும் அரசு, அதன் மேல் விழும் வெயிலுக்கும் ஒரு சட்டப் பாதுகாப்பு தர வேண்டும்.

அதுவரை இருக்கும் வழி, பக்கத்து மனைக்காரரோடு பேசி, இத்தனை அடிக்கு மேல் இந்தப் பக்கம் எழுப்புவதில்லை என்று வசதியுரிமைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்வது. பதிவானால் அந்த மனையை நாளை வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும்.

காலி மனை வாங்குகிறவருக்கு

20 ஆண்டு அனுபவத்தால் வந்த உரிமைக்குப் பத்திரம் இல்லை, பதிவு இல்லை. எனவே 30 வருட வில்லங்கச் சான்று எடுத்தாலும் அதில் வராது. முன்பணம் கொடுக்கும் முன் மனையின் நடுவில் நின்று நான்கு பக்கமும் பாருங்கள். உங்கள் பக்கம் திறந்த ஜன்னல் எத்தனை, எல்லையிலிருந்து எவ்வளவு தூரம், அந்த வீடு கட்டி எத்தனை வருடம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய வீடாக இருந்தால், நீங்கள் நினைத்திருக்கும் மாடி அந்தப் பக்கம் முழுதாக ஏறுமா என்பதை விலை பேசும்போதே கணக்கில் எடுங்கள்.